கல்யாணக் காலையில் கனடா கர்லர்

என் பெரியம்மா மகள் கிளெமென்டினா கனடாவிலிருந்து இழுத்துக்கொண்டு வந்த பெட்டியில் துணிமணி கால்வாசிகூட இல்லை. கூடத்து மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். பெருவிரல் பருமனில் முடியைச் சுருட்டும் ஒரு கர்லர். அதைவிடத் தடியாக இன்னொன்று. முடியை நேராக்கும் ஸ்ட்ரெய்ட்னர். பீரங்கி மாதிரி வாய் அகன்ற ஹேர் டிரையர். தோல் உறையில் மூன்று கத்தரிக்கோல். அம்மா அவற்றை நகைக்கடையில் நிற்பவள் போலக் குனிந்து பார்த்தாள்.

"இத்தனையும் பிசேராவோட ஒரு தலைக்கா?" என்று என்னைக் கைகாட்டிக் கேட்டாள்.

"உங்க தலைக்கும் சேர்த்துத்தான் சித்தி. தப்பிச்சுடலாம்னு பாக்காதீங்க."

கிளெமென்டினாவுக்கு ஹாமில்டன் என்ற ஊரில் சொந்தமாக முடி அலங்காரக் கடை இருந்தது. அங்கே பெண்கள் அவளிடம் முடி வெட்டிக்கொள்ள மாதக்கணக்கில் காத்திருப்பார்களாம். அவள் பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான். மக்கெடோனியாவில் எங்கள் பிட்டோலா ஊருக்கு வந்தது இதுவே முதல் தடவை. அவள் பேசிய மக்கெடோனிய மொழி, பெரியம்மாவும் பெரியப்பாவும் ஊரை விட்டுக் கிளம்பியபோது கையோடு கொண்டுபோனது. இங்கே யாரும் இப்போது சொல்லாத வார்த்தைகளை அவள் சர்வசாதாரணமாகச் சொல்வாள். தெருவில் போகிற பையன்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

"உனக்கு என் கல்யாணப் பரிசு இதுதான்," என்று என் பின்னலைக் கையில் தூக்கி எடை பார்த்தாள். என் முடி இடுப்பைத் தாண்டித் தொங்கும். "உன்னைப் பாத்ததும் மாப்ளே மித்கோ மேளத்து மேலயே மயங்கி விழணும்."

இதில் ஒரே ஒரு சங்கடம் இருந்தது. அதன் பெயர் லென்சே. மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் அழகு நிலையம் வைத்திருந்தாள். நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததிலிருந்து பட்டம் வாங்கியது வரை எங்கள் வீட்டுத் தலைகள் எல்லாம் அவள் கையில்தான் இருந்தன. என் கல்யாணத்துக்கும் அவளிடம்தான் சொல்லி வைத்திருந்தோம். கிளெமென்டினா வருவது உறுதியானதும் அம்மா போனை எடுத்தாள். "லென்சே, எங்க அக்கா மக கனடாவிலேருந்து வர்றா. பெரிய கடையெல்லாம் வெச்சிருக்கா. அவளே பண்ணிக்கிறேன்னு சொல்றா..." என்று இழுத்தாள். மறுமுனையில் லென்சே "சரி" என்று ஒரே வார்த்தை சொல்லி வைத்துவிட்டாள். எங்கள் ஊரில் அப்படிச் சொல்லப்படும் "சரி" நல்லதுக்கில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் கிளெமென்டினா விமான நிலையத்தில் வாங்கிய அடாப்டரை எங்கள் சுவரில் செருகிப் போனை மாட்டினாள். போன் சமர்த்தாக சார்ஜ் ஆனது. "பாத்தியா, உங்க ரெண்டு ஓட்டை பிளக்குக்கும் எங்க ஊர் சாமானுக்கும் கல்யாணம் முடிஞ்சது. நாளைக்கு உனக்கு," என்றாள்.

மறுநாள் காலையிலேயே வெயில் சுள்ளென்று அடித்தது. வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. சமையலறையில் பேச்சு, குளியலறை வாசலில் சண்டை, கூடத்தில் என் அண்ணன் வான்சோ டை கட்டத் தெரியாமல் கண்ணாடியைத் திட்டிக்கொண்டிருந்தான். தூரத்தில் டிரம்பெட்டும் மேளமும் கேட்க ஆரம்பித்துவிட்டன. மாப்பிள்ளைக்குச் சவரம் நடக்கிறது. மித்கோவின் சிநேகிதன் ஒருவன் மார்க்கெட் சந்தில் சலூன் வைத்திருந்தான். மாப்பிள்ளையை அங்கே நாற்காலியில் உட்கார்த்தி, வாசலில் மேளம் முழங்க, உறவுக்காரர்கள் ஆளுக்கொரு கோப்பை ரக்கியா சாராயத்தோடு சுற்றி ஆட, சவரம் முடிந்ததும் எல்லோரும் ஊர்வலமாக என்னை அழைத்துப்போக வருவதாக ஏற்பாடு.

அந்தச் சத்தம் காதில் விழ விழ என் கால் தானாகத் தாளம் போட்டது.

"ஆடாதே, காது சுட்டுரும்," என்றாள் கிளெமென்டினா. கர்லரை அடாப்டரில் மாட்டினாள். சின்ன விளக்கு எரிந்தது. சீப்பை எடுத்து என் முடியைப் பாகம் பிரிப்பதற்குள் கர்லர் தயார் என்று கீச்சிட்டது. அவளுக்கே ஆச்சரியம். "அட! எங்க ஊர்ல இது சூடாகறதுக்குள்ள ஒரு காபி குடிச்சிடலாம். உங்க கரன்ட் என்ன, குதிரையா?"

"கனடா சாமான்னா கனடா சாமான்தான்," என்றாள் அம்மா பெருமையோடு.

முதல் சுருள் தோளில் விழுந்து ஸ்பிரிங் மாதிரி துள்ளியது. சமையலறையிலிருந்து எல்லோரும் ஓடி வந்து பார்த்தார்கள். இரண்டாவது அதைவிட அழகு. கிளெமென்டினா பாடிக்கொண்டே வேலை செய்தாள். இடது பக்கம் முழுக்க முடித்து வலது பக்கம் நெற்றியோரத்து முடியை எடுத்துச் சுற்றினாள்.

"வான்சோ, அடுப்புல என்னடா வெச்சே? தீயுது பாரு," என்று அம்மா குரல் கொடுத்தாள்.

"நான் அடுப்புப் பக்கமே போகலையே."

என் காதோரம் சுர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. கிளெமென்டினாவின் பாட்டு நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். அவள் கர்லரை என் தலையிலிருந்து தள்ளி எட்டப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதில் என் முடி கச்சிதமாகச் சுற்றியிருந்தது. சுருள் நன்றாகத்தான் விழுந்திருந்தது. ஆனால் அது என் தலையில் இல்லை.

நெற்றியோரத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கருகிய முடிக் குச்சம் நின்று, அதிலிருந்து மெல்லப் புகை வந்தது.

"பத்திக்கிச்சு! பொண்ணு பத்திக்கிச்சு!" என்று கத்திய அம்மா, விருந்தாளிகளுக்காகப் புதினாவும் எலுமிச்சையும் போட்டு வைத்திருந்த பெரிய ஜாடியைத் தூக்கி அப்படியே என் தலையில் கவிழ்த்தாள்.

ஐஸ் தண்ணீர் முதுகில் இறங்கியது. இடது பக்கத்துச் சுருள்கள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு சரிந்தன. மூக்கு நுனியில் ஒரு புதினா இலை ஒட்டிக்கொண்டது. சந்திலிருந்து மேளச் சத்தம் மட்டும் ஜோராக வந்தது.

"பிசேரா," என்றாள் கிளெமென்டினா. கர்லரைக் கீழே வைத்தாள்.

"முதல்ல காய வை," என்றாள் அம்மா. "காஞ்சா சரியாயிடும். அந்தப் பெரிய மெஷின எடு."

கிளெமென்டினா டிரையரை எடுத்து மாட்டினாள். பொத்தானை அழுத்தியதும் விமானம் எங்கள் கூடத்தில் ஏறப்போகிறது போல ஒரு உறுமல். வாய்க்குள் கம்பிச் சுருள் செக்கச்செவேல் என்று கனிந்தது. "அணை! அணை!" என்று வான்சோ பாய்ந்தான். அதற்குள் டப்பென்று ஒரு வெடி, நீலமாக ஒரு பளிச், ரப்பர் கருகிய நாற்றம். குளிர்சாதனப் பெட்டியின் முனகல் நின்றது. குளியலறை விளக்கு அணைந்தது. எங்கள் வீட்டு ஃபியூஸ் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. கட்டடம் பழசு. மேலும் கீழுமாக எல்லா வீட்டுக்கும் கரன்ட் போய்விட்டது.

மேல் மாடியிலிருந்து டிராய்கோ மாமா படிக்கட்டில் தலையை நீட்டி இரைந்தார். "எவன்டா அவன்? என் சட்டை பேன்ட் எல்லாம் வாஷிங் மெஷினுக்குள்ள சோப்புத் தண்ணியில மிதக்குது! கதவு திறக்க மாட்டேங்குது! நான் கல்யாணத்துக்கு எதைப் போட்டுக்கிட்டு வர?"

"எதையாவது சுத்திக்கிட்டு வாங்க மாமா!" என்று வான்சோ பதிலுக்குக் கத்தினான்.

கிளெமென்டினா டிரையரைக் கீழே வைத்துக் கைப்பிடியின் அடியைத் திருப்பிப் பார்த்தாள். எறும்பு வரிசை மாதிரி பொடி எழுத்து. உதடு அசைய வாசித்தாள். "நூத்தி இருபது வோல்ட் மட்டும்," என்றாள். "உங்களோடது?"

"இருநூத்தி முப்பது," என்றான் வான்சோ.

"போன் சார்ஜ் ஆச்சேடா!"

"போன் சார்ஜர் எந்த ஊர்ல போட்டாலும் அனுசரிச்சுக்கும். உன் அடாப்டர் ஓட்டையைத்தான் மாத்துது, கரன்ட மாத்தல. அந்த டிரையர் பாவம், ரெண்டு மடங்கு தின்னு வயிறு வெடிச்சுப் போச்சு."

"தினம் இதைக் கையில பிடிக்கிறேன். ஒரு நாள்கூட அடியில திருப்பிப் பாத்ததில்ல." அவள் கண்ணில் நீர் கோத்தது. நான் அவள் கையைப் பிடித்தேன். எனக்கு அழுகை வரவில்லை. ஏன் என்று இப்போதும் சொல்லத் தெரியாது. தலையில் தண்ணீர் சொட்ட, மேளம் கேட்க, எனக்குச் சிரிப்புத்தான் முட்டிக்கொண்டு வந்தது. நான் சிரித்ததும் அவளுக்குத் தைரியம் வந்திருக்க வேண்டும். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"லென்சே கடை எங்க இருக்கு?"

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, அவ மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"நீங்க வர வேண்டாம் சித்தி. கெடுத்தது நான். நான் போய்க் கேக்கறேன்."

"கேக்கறது இருக்கட்டும்," என்றான் வான்சோ. "லென்சே கடைக்கு நேர் எதிர்லதான் மாப்ளே சவரம் பண்ணிக்கிட்டு உக்காந்திருக்கான். கல்யாணத்துக்கு முன்னால அவன் பொண்ணப் பாக்கக் கூடாது. அதுவும் இந்தக் கோலத்துல பாத்தா, சவரக் கத்தியோட ஊரை விட்டே ஓடிருவான்."

"உன் வண்டி கீழதான நிக்குது?" என்றேன்.

வான்சோ ரொட்டிக்கடையில் வேலை பார்த்தான். விருந்துக்கான ரொட்டியைக் கடை வண்டியில்தான் கொண்டுவந்திருந்தான். பாதிதான் இறக்கியிருந்தது. நான் வீட்டு அங்கியும் தலையில் துண்டுமாகப் பின்பக்கக் கதவு வழியாக ஏறி, தட்டு அடுக்குகளுக்கு நடுவே மாவு மூட்டை மேல் உட்கார்ந்தேன். கத்தரிக்கோல் உறையையும் ஸ்ட்ரெய்ட்னரையும் மார்போடு அணைத்தபடி கிளெமென்டினா முன்னால் ஏறினாள். வான்சோ கதவைச் சாத்தினான். சூடான ரொட்டி வாசனையும் இருட்டும். வண்டி ஒவ்வொரு கல்லிலும் குதிக்க, தட்டுகளும் நானும் சேர்ந்து குதித்தோம்.

மார்க்கெட் சந்துக்குள் நுழைந்ததும் வண்டி நின்றுவிட்டது. மேளம் இப்போது என் மண்டைக்குள்ளேயே அடித்தது. சந்து நிறைய மித்கோவின் ஆட்கள். விலகுவார் இல்லை. வான்சோ ஹார்ன் அடித்தான். பதிலுக்கு டிரம்பெட்காரன் அதே ஹார்னை வாசித்துக் காட்டினான். சிரிப்பலை.

அப்புறம் மித்கோவின் குரல், வண்டித் தகட்டுக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில். "மச்சான்! நீ இங்க என்ன பண்றே? வீட்டுல பொண்ணோட காத்திருப்பேன்னு பாத்தா ரொட்டி கொண்டுவர்றே!"

"மாப்ளே, மூஞ்சில சோப்போட எதுக்குத் தெருவுக்கு வர்றே? உள்ள போ. அவசர டெலிவரி."

"கல்யாண நாள்ல யாருக்கு டெலிவரி?"

"லென்சேக்கு," என்றான் வான்சோ.

"லென்சே சின்னப் பொண்ணாட்டம் இருக்கா, இவ்வளவு ரொட்டியா திங்கறா?"

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரித்தால் தொலைந்தேன். அந்த நேரம் பார்த்துப் பின்கதவின் கைப்பிடி திரும்பியது. யாரோ பசி தாங்காமல் ரொட்டி எடுக்க வருகிறார்கள். கதவு ஒரு சாண் திறந்து வெளிச்சம் கத்தி மாதிரி உள்ளே விழுந்தது. பெரிய மேளத்தை வயிற்றில் கட்டிய ஒரு மனிதர், மீசை வியர்வையில் நனைந்திருக்க, என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். துண்டு எப்போதோ நழுவியிருந்தது. ஒரு பக்கம் நனைந்த சுருள், ஒரு பக்கம் கருகிய குச்சம், மேலெல்லாம் மாவு.

விரலை உதட்டில் வைத்தேன். இன்னொரு கையால் ஒரு முழு ரொட்டியை எடுத்து நீட்டினேன்.

அவர் கண் வண்டியிலிருந்து மித்கோ பக்கம் போய்த் திரும்பி வந்தது. புரிந்துவிட்டது. ரொட்டியை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். "நேத்து ரொட்டிப்பா! கல்லு மாதிரி இருக்கு. யாரும் தொடாதீங்க!" என்று உரக்கச் சொன்னார். அடுத்த நொடி மேளம் அடித்த அடியில் வண்டித் தகடே அதிர்ந்தது. "ஏ மாப்ளே, பாதிக் கன்னத்தோடயா கல்யாணம்? உள்ள வா, உள்ள வா! எல்லாரும் உள்ள!" ஆட்டம் சலூன் பக்கம் நகர்ந்தது. வண்டி ஊர்ந்து போய் லென்சே கடைப் பின்வாசலில் நின்றது.

லென்சே கையைக் கட்டிக்கொண்டு கதவில் சாய்ந்து நின்றாள். என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். கிளெமென்டினாவைப் பார்த்தாள்.

"இதுதான் கனடா ஃபேஷனா?"

"இல்லக்கா. இது என் முட்டாள்தனம்," என்றாள் கிளெமென்டினா. "எங்க ஊர் கர்லர உங்க ஊர் கரன்ட்ல போட்டேன். இவ முடி கையோட வந்துடுச்சு. உங்க கடை, உங்க மெஷின், உங்க கை, மூணும் வேணும். என்னைத் திட்டணும்னா சாயங்காலம் வரைக்கும் திட்டுங்க, வாங்கிக்கறேன். இப்ப மட்டும் உள்ள விடுங்க."

லென்சே கட்டிய கையை அவிழ்க்கவில்லை. ஆனால் கிளெமென்டினா சொன்ன ஒரு வார்த்தையில் அவள் வாயோரம் துடித்தது. "முட்டாள்தனம்" என்பதற்கு இவள் சொன்னது யாரும் கேட்டே வருடங்களான சொல். "என் செத்துப்போன மாமியார்தான் அந்த வார்த்தையச் சொல்லுவா, அதுவும் என்னைப் பாத்து," என்றாள் லென்சே. "வாங்க உள்ள. உக்காரு பிசேரா."

நாற்காலியில் உட்கார்ந்ததும் இருவரும் இரண்டு பக்கமும் நின்று என் தலையைப் புரட்டினார்கள்.

"இந்தக் குச்சத்துக்கு மேல பூ வெச்சு மறைச்சிடலாம்," என்றாள் லென்சே. "பின்னால எல்லாத்தையும் கொண்டையா போட்டா தெரியாது."

"பூ வாடும். இவ ஆடப் போறா. ஆடுனா கழண்டு விழும். எல்லா போட்டோவிலயும் இந்த மூலை தலை நீட்டும்." கிளெமென்டினா என் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "வெட்டணும். காதுக்குக் கீழ வரைக்கும். இந்தக் குச்சம் அப்பறம் குச்சமா இருக்காது, நெத்தியில விழற முன்முடியா ஆயிடும்."

"பைத்தியமா உனக்கு? இந்த முடியையா? இதை நான் இருபது வருஷமா வளத்திருக்கேன்! இவ அம்மா என்னைக் கொன்னுடுவா."

"என்னையும்தான்."

இருவரும் கண்ணாடிக்குள் என்னைப் பார்த்தார்கள். எதிர்ச் சலூனில் கூட்டம் ஓவென்று கத்தியது. சவரம் முடிந்திருக்க வேண்டும். என் நெஞ்சு அடித்துக்கொண்டது. பயத்தில் இல்லை. ஊஞ்சல் உச்சிக்குப் போய், கீழே வருவதற்கு முன் ஒரு கணம் நிற்குமே, அது மாதிரி. சின்ன வயதிலிருந்து எங்கே போனாலும் என் முடியைத்தான் முதலில் பார்ப்பார்கள். தொட்டுப் பார்ப்பார்கள். அதைக் கழுவ ஒரு பகல், காயவைக்க ஒரு பகல். அது இல்லாவிட்டால் நான் எப்படி இருப்பேன் என்று எனக்கே தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. அன்றைக்கே, அந்த நிமிடமே.

"வெட்டு," என்றேன்.

"கரன்ட் வேணாத சாமான் இது ஒண்ணுதான் என்கிட்ட," என்று கிளெமென்டினா உறையிலிருந்து கத்தரிக்கோலை உருவினாள்.

பின்னலாகக் கட்டி, ஒரே வீச்சில் அறுத்தாள். கனத்த கயிறு தரையில் விழுவது போலத் தொப்பென்று விழுந்தது. என் தலை தானாக மேலே எழும்பியது. அவ்வளவு லேசு! அப்புறம் அவள் கையில் சீப்பும் கத்தரியும் மாறி மாறிப் பறந்தன. பார்த்துக்கொண்டே இருந்த லென்சே தன் டிரையரை எடுத்து, கேட்காமலே அவள் வெட்டிய பக்கமெல்லாம் காயவைத்துக்கொண்டு வந்தாள். ஒருத்தி கை போன இடத்துக்கு இன்னொருத்தி கை தொடர்ந்து போனது.

கடைசியில் நுனியை வளைக்க ஸ்ட்ரெய்ட்னர் தேவைப்பட்டது. கிளெமென்டினா தன்னுடையதை எடுத்தவள் மாட்டப் போகாமல் முதலில் திருப்பி அடியை வாசித்தாள். இன்னொரு தடவை வாசித்தாள்.

"நூறுலேருந்து இருநூத்தி நாப்பது வரைக்கும்! அக்கா, இது உங்க ஊருக்கும் ஆகும்!"

"நிச்சயமா?"

"எழுதியிருக்கு."

"அப்படின்னா முதல்ல என் தலையில வெச்சுக் காட்டு," என்று லென்சே தன் நெற்றிமுடியை நீட்டினாள். ஸ்ட்ரெய்ட்னர் ஒழுங்காகச் சூடாகி, ஒழுங்காக வளைத்து, ஒழுங்காக விட்டது. மூவரும் "ஆ!" என்று கைதட்டினோம்.

அதற்குள் வான்சோ பின்கதவை உடைக்காத குறையாகத் தட்டினான். "கிளம்பிட்டாங்க! மொத்தக் கும்பலும் நம்ம வீட்டுப் பக்கம் நடக்குது! அவங்களுக்கு முன்னால போயாகணும்!"

நால்வரும் வண்டிக்குள் பாய்ந்தோம். லென்சேயும் சீப்போடு ஏறிவிட்டாள். ஊர்வலம் நேர்வழியில் ஆடிக்கொண்டு போக, நாங்கள் ஆற்றோரமாகச் சுற்றிப் பறந்தோம். பாலத்துத் திருப்பத்தில் ஒரு தட்டு ரொட்டி என் மடியில் கவிழ்ந்தது. படியில் ஏறும்போதே அங்கியைக் கழற்றினேன். கதவைத் திறந்த அம்மா என்னைப் பார்த்து உறைந்துபோனாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் மூச்சைப் பிடித்து நின்றேன்.

"உனக்கு இவ்வளவு நீளக் கழுத்து இருக்குன்னு எனக்கே தெரியாதேடி," என்றாள்.

அப்புறம்தான் லென்சே பின்னால் நிற்பதைப் பார்த்தாள். "லென்சே..." என்று ஆரம்பித்தாள்.

"பேச நேரமில்ல தஃபினாக்கா. அந்தக் கொக்கிய மாட்டுங்க."

தெரு முனையில் மேளம். ஒருத்தி இடுப்புக் கொக்கி, ஒருத்தி காலணி, ஒருத்தி உதட்டுச் சாயம். முகத்திரையைக் கிளெமென்டினா போட்டுவிட்டபோது கீழ்க்கதவில் மாப்பிள்ளை வீட்டார் முஷ்டியால் குத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

எங்கள் வழக்கப்படி பெண்ணை உடனே கொடுத்துவிட மாட்டோம். முதலில் ஒரு பொய்ப் பெண்ணை அனுப்பி மாப்பிள்ளையைக் கேலி செய்ய வேண்டும். வான்சோ கதவைத் திறந்து, "இந்தா, உன் பொண்ணு!" என்று அனுப்பிய உருவத்தைப் பார்த்து மாடிப்படியே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. சட்டை பேன்ட் கிடைக்காத டிராய்கோ மாமா, எங்கள் கூடத்து லேஸ் திரைச்சீலையை உடம்பெல்லாம் சுற்றிக்கொண்டு, மயிரடர்ந்த காலோடு நாணிக் கோணி நின்றார். "எடுத்துக்கோ ராஜா, நான் நல்லா சமைப்பேன்," என்றார்.

"வேணாம் மாமா! எங்க கட்டில் தாங்காது!" என்றான் மித்கோ. "பொய்யெல்லாம் போதும் மச்சான், பிசேராவக் கூப்பிடு!"

என்னை முன்னால் தள்ளினார்கள். மித்கோ திரையை மெல்லத் தூக்கினான். கழுத்தோடு நிற்கும் முடியைத்தான் முதலில் பார்த்தான். "அட போங்கடா, இது ரெண்டாவது பொய்யா?" என்று சொல்லிக்கொண்டே திரையைக் கீழே விட்டான்.

மேளக்காரர் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

திரையை நானே தூக்கினேன். "ஏன், முடியக் கட்டிக்கவா வந்தே?"

மித்கோ சவரம் பண்ணின கன்னம் பளபளக்க, என்னைச் சுற்றி ஒரு முறை நடந்தே பார்த்தான். முன்னால் வந்து நின்றவன் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம்.

"பிசேரா! எங்கடி ஒளிச்சு வெச்சிருந்தே இந்த முகத்த?" என்றான். பிறகு மாடிப்படியே அதிரும்படி மேளக்காரர் பக்கம் திரும்பிக் கத்தினான். "என்ன வேடிக்கை? வாசிங்கய்யா!"

தேவாலயத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. பெரிய கொண்டையை நினைத்துப் பெரியதாக வாங்கியிருந்தார்கள் கல்யாணக் கிரீடத்தை. பாதிரியார் அதை என் தலையில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு போய்க் காதில் தொங்கியது. அவர் தூக்கி வைப்பதும் அது இறங்குவதுமாக, ஜெபத்தின் நடுவே அவருக்கே குரல் குலுங்கியது. கடைசியில் மித்கோ ஒரு விரலால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே ஜெபம் முடியும் வரை நின்றான்.

விருந்தில் இறைச்சி வந்ததோ கேக் வெட்டியதோ எனக்கு அவ்வளவாக நினைவில்லை. ஆடியதுதான் நினைவிருக்கிறது. கைகோத்து வட்டமாகச் சுற்றும் ஓரோ ஆட்டத்தில் வரிசையை நானே நடத்தினேன். வேகம் ஏற ஏற, பிடரியில் காற்று பட்டது. முன்பெல்லாம் இந்த நேரத்துக்கு முடி முதுகில் ஒட்டி, ஊசிகள் குத்தி, எப்போது உட்காரலாம் என்று நாற்காலியைத் தேடிக்கொண்டிருப்பேன். அன்று தலையை உதறினால் உடம்பு முழுக்கக் கூடவே துள்ளியது.

எனக்குப் பின்னால் அம்மா, அம்மாவுக்குப் பின்னால் லென்சே, அவள் கையைப் பிடித்துக்கொண்டு கால் தடுமாறியபடி கிளெமென்டினா.

"வலது, வலது, இடது! அது இடதாடி? கனடாவுல கால்கூட வேற கணக்கா?" என்று லென்சே அதட்டினாள்.

"கத்துக் குடுங்கக்கா, அதுக்குத்தான இருக்கேன்!"

"நாளைக்குக் கடைக்கு வா. ஆறு பொண்ணுங்க இப்பவே கேட்டுட்டாங்க, இதே மாதிரி வேணும்னு. நீ வெட்டு, நான் காயவைக்கறேன். அந்த வெடிகுண்ட மட்டும் எடுத்துட்டு வராதே!"

டிரம்பெட் இன்னும் உச்சிக்கு ஏறியது. கிளெமென்டினா பதிலுக்கு என்னவோ கத்தினாள். எனக்குக் கேட்கவில்லை. நான் கைக்குட்டையைச் சுழற்றி, வரிசையை இழுத்துக்கொண்டு, கதவைத் தாண்டித் தெருவுக்கே போய்விட்டேன்.